கடைவாயில் வலி... பல்தான் காரணமா?

இரவு பத்தரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட மெடிக்கல் ஷாப் வாசலில், கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார்.

"அண்ணே, பல்வலிக்கு ஒரு செட் குடுங்க."

"எத்தனை வேளைக்கு?"

"ரெண்டு வேளை போதும்ணே. நாளைக்கு டாக்டரைப் பாத்துக்கிறேன்."

கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கிறார். மூன்று அட்டைகளிலிருந்து மாத்திரைகளை வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று. அட்டையை வெட்டியதில் மருந்தின் பெயர் பாதி போய்விட்டது. காலாவதித் தேதி முழுதாகவே போய்விட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மறுநாள் வலி குறைந்திருக்கும். டாக்டரைப் பார்க்கும் யோசனையும் அதோடு போய்விடும்.

முன்பல்லில் கோளாறு என்றால் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடைவாய் அப்படியல்ல. நாம் எட்டிப் பார்க்க முடியாத இடம். பிரஷ்ஷும் ஒழுங்காகப் போகாத இடம். பல், ஈறு, தாடை மூட்டு, சைனஸ் அறை, முகத்து நரம்பு என எதில் கோளாறு வந்தாலும் வலி அங்கேதான் தெரிகிறது. சில நேரம் இதயம்கூடத் தன் வலியை அங்கேதான் காட்டுகிறது. அதனால் 'பல்லைப் பிடுங்கிவிடலாமா, மாத்திரை போட்டுப் பார்க்கலாமா' என்று யோசிப்பதற்கு முன்னால், வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த ஒரு வேலையைத்தான் நாம் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறோம்.

பாதி முளைத்த பல்

பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கடைவாயில் வலி என்றால், முதல் சந்தேகம் ஞானப்பல் மீதுதான். வரிசையில் கடைசியாக முளைக்கும் பல் இது. உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு ஞானப்பல் உருவாவதே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது தாடைக்குள் இடமில்லாமல் புதைந்தோ சாய்ந்தோ சிக்கிக்கொள்கிறது.

முழுதாகப் புதைந்த பல் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். தொல்லை கொடுப்பது பாதி வெளியே வந்து நின்றுவிட்ட பல்தான், அதிலும் கீழ்த்தாடையில் இருப்பது. பல்லின் பாதியை ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்கும். அந்த மடிப்புக்கடியில் ஒரு பருக்கை, கொஞ்சம் தேங்காய்த் துருவல், முறுக்குத் துணுக்கு என ஏதாவது போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று புகாத அந்த இடுக்கு, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்கு வசதியான இடம். ஈறு வீங்குகிறது. வீங்கியதை மேல்பல் கடிக்கிறது. கடிபட்டதால் இன்னும் வீங்குகிறது. இரண்டு நாளில் வாயைத் திறக்க முடியாது, எச்சில் விழுங்கினால் வலிக்கும், வாயில் ஒரு கெட்ட சுவை இருந்துகொண்டே இருக்கும், காதுக்குள் குடைச்சல். காதுவலி என்று நினைத்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்பும் கதை சாதாரணமாக நடப்பது. கீழ்த்தாடைக்கும் காதுப் பகுதிக்கும் உணர்ச்சி கொடுப்பது ஒரே நரம்பின் கிளைகள் என்பதுதான் காரணம்.

இதற்கான முதல் சிகிச்சை ரொம்ப எளிமையானது. முனை மழுங்கிய, சற்றே வளைந்த ஊசி பொருத்திய சிரிஞ்சில் உப்புநீர்க் கரைசலை எடுத்து, ஈற்று மடிப்புக்கடியில் விட்டுப் பீய்ச்சிக் கழுவுவார் மருத்துவர். உள்ளே சிக்கியிருந்தது சீழோடு வெளியே வரும். பலருக்கு அன்று மாலையே பாதி வலி குறைந்துவிடும். மடிப்பை மேல்பல் கடித்துக்கொண்டே இருந்தால், அந்த மேல்பல்லின் முனையைத் தேய்த்துவிடுவார். தேவைப்பட்டால் அதையே எடுத்துவிடுவார். வீட்டில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து, நீர் அங்கே தேங்கும்படி வைத்துக் கொப்பளிக்க வேண்டும். சும்மா வாயைக் குலுக்கித் துப்பினால் கடைவாய்க்குப் போகாது.

காய்ச்சல் இருந்தால், கழுத்தில் நெறி கட்டியிருந்தால், வாய் திறப்பு குறைந்துகொண்டே போனால் ஆன்டிபயாடிக் தேவை. மற்றவர்களுக்குக் கழுவிவிடுவதே போதும். மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்திருந்தால், அது முடிந்து இரண்டு மூன்று நாள் வரை மது வேண்டாம். வாந்தி, படபடப்பு எல்லாம் வரலாம் என்பதால் மருத்துவர்கள் இதை அழுத்திச் சொல்வார்கள்.

நாலையும் எடுத்துடலாமா?

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் வயதிலேயே ஞானப்பற்களை எடுத்துவிடுவது வெகுநாள் வழக்கம். பிரிட்டனிலோ, தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு சொன்னது. நம் ஊரில் இரண்டும் நடக்கிறது. 'வலி இல்லையே, அப்புறம் எதுக்கு' என்று அழுகும்வரை விட்டுவைப்பவர்கள் ஒரு பக்கம். ஒரு பல் வலிக்கிறது என்று போனவருக்கு நான்கையும் எடுக்கப் பேக்கேஜ் சொல்லும் கிளினிக்குகள் இன்னொரு பக்கம்.

என்னைக் கேட்டால், பிரிட்டன் வழிதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எடுக்காமல் விடுவது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. முன்பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டிருக்கும் ஞானப்பல், அந்தப் பக்கத்துப் பல்லின் முதுகுப்புறத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் சொத்தையை உண்டாக்கும். அது தெரியவரும்போது இரண்டு பல்லும் போய்விடும் நிலை. அப்படிச் சாய்ந்த பல் உள்ளவர்கள் அவ்வப்போது எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈறு அழற்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிந்தாலோ, எடுத்துவிடுவதே சரி. 'ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணலாகிறது, அதனால் எடுத்துவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எடுப்பதென்று முடிவானால், முகத்தைச் சுற்றி வந்து ஒரே படத்தில் இரண்டு தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே எடுப்பார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் தாடை முனைக்கும் உணர்ச்சி தருவது அது. பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் படம். மிக நெருக்கமாக இருந்தால் முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள். அந்த நரம்பில் அடிபட்டால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், அரிதாக நிரந்தரமாகவும் நின்றுவிடும். கையெழுத்துப் போடும் முன் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. வயது ஏற ஏற எலும்பு இறுகிவிடுவதால், எடுக்க வேண்டிய பல்லை இருபதுகளிலேயே எடுத்துவிடுவது சுலபம்.

எடுத்த பிறகு நடக்கும் ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். 'ஐஸ்கிரீம் சாப்பிடுங்க, இளநீர் குடிங்க' என்று மருத்துவர் சொல்வார். வெளியே வந்ததும் இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுப்பு, பல் இருந்த குழியில் உறைந்த ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். அடிக்கடி துப்புவதும், பீடி சிகரெட் பிடிப்பதும் அதே வேலையைச் செய்யும். ரத்தக்கட்டி போனால் எலும்பு மூடியில்லாமல் நிற்கும். குறையவேண்டிய வலி மூன்றாம் நாள் திடீரென்று ஏறி, காதுவரை இழுக்கும். 'உலர் குழி' என்று இதைச் சொல்வார்கள். இதற்கு ஆன்டிபயாடிக் மருந்தல்ல. மருத்துவர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் அடங்கும். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் ஒரு தொல்லையும் இல்லை.

வலி நின்றது, நல்லதுதானா?

முப்பது வயதைத் தாண்டியவர்களின் கடைவாய் வலிக்குப் பெரும்பாலும் சொத்தைதான் காரணம். ஆனால் இந்தக் கதை தொடங்குவது ஆறு வயதில். பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே நான்கு புதுப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் விழவில்லை என்பதால் அவற்றையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். 'விழுந்து முளைக்கப் போற பல்லுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. சாகும்வரை மெல்ல வேண்டிய பல் அதுதான். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் நிரந்தரப் பற்களில் அதிகம் சொத்தையாவதும் அதுவே. அந்தப் பள்ளங்களை முளைத்த புதிதில் 'சீலன்ட்' பூசி அடைத்துவிட்டால் பிற்காலத்தில் பெரும் செலவு மிச்சம்.

பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. அதனால் சொத்தை தொடங்கும்போது எதுவும் தெரியாது. உள் அடுக்கை எட்டியதும் ஐஸ்வாட்டர் பட்டால் சுரீரென்கும். தண்ணீர் போனதும் கூச்சமும் போய்விடும். இந்தக் கட்டத்தில் அடைத்தாலே போதும். குளிர்ச்சி போன பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்றால், இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால், சொத்தை உள்ளே இருக்கும் நரம்புத்தசையை எட்டிவிட்டது என்று பொருள். படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லின் உள்ளறையோ விரிய இடமில்லாத இறுகிய அறை. அதனால்தான் பலர் ராத்திரி முழுக்க நாற்காலியில் சாய்ந்தபடி விடிய வைக்கிறார்கள்.

ஒரு நாள் அந்த வலி சட்டென்று நின்றுவிடும். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். கிராம்புத் தைலம் கேட்டது, மாத்திரை கேட்டது, வேண்டுதல் கேட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உள்ளே நடந்தது வேறு. நரம்பு செத்துவிட்டது. செத்த தசையில் கிருமி பெருகி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சில மாதம் கழித்து ஈறில் சீழ்க்கட்டியாகவோ கன்னத்தில் வீக்கமாகவோ அது திரும்பி வரும். ஆன்டிபயாடிக் ரத்தத்தோடு போகும் மருந்து. ரத்த ஓட்டமே இல்லாத செத்த பல்லுக்குள் அது நுழையாது. ஆகவே மாத்திரை வீக்கத்தைக் குறைக்குமே தவிர மூலத்தைத் தொடாது. வேர்ச் சிகிச்சை எனப்படும் ரூட் கெனால் செய்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடச் சொன்னால் 'காசு பிடுங்கறாங்க' என்று நழுவுபவர்கள் நிறைய. உள்ளே குடைந்த பல், ஓடு மட்டும் மிஞ்சிய பல். மெல்லும் அழுத்தம் முழுவதும் கடைவாயில்தான் விழுகிறது. கேப் இல்லாவிட்டால் ஒரு நாள் கடலை மிட்டாயில் அது செங்குத்தாகப் பிளந்துவிடும். பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

பிளவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எக்ஸ்-ரேயிலும் தெரியாமல், சொத்தையும் இல்லாமல், 'கடிச்சா ஒரு மாதிரி சுள்ளுங்குது டாக்டர்' என்று அலைபவர்கள் உண்டு. பல்லில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். மருத்துவர் ஒரு பஞ்சு உருளையையோ சின்னப் பிளாஸ்டிக் குச்சியையோ ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொல்வார். கடிக்கும்போது வலிப்பதைவிட, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுரீரென்றால் விரிசல்தான். எலும்பு கடிப்பது, ஐஸ் கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது எல்லாம் இதற்கு வழி.

பல்லே இல்லாத பல்வலி

சளி பிடித்திருக்கிறது, மேல் கடைவாயில் நான்கைந்து பற்கள் சேர்ந்தாற்போல் மந்தமாக வலிக்கின்றன, குனிந்து செருப்பு மாட்டினால் வலி கூடுகிறது. இது சைனஸ். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன.

காலையில் எழுந்ததும் இரண்டு பக்கத் தாடையும் களைத்துப்போனதுபோல் வலித்து, மதியத்துக்குள் குறைந்தால், ராத்திரித் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தாடை மூட்டும் தசையும்தான் அங்கே நோகின்றன. இரவில் போட்டுக்கொள்ளும் பல்லுறை உதவும்.

பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, ஃபேன் காற்று பட்டால்கூட, சில நொடிகளுக்கு ஷாக் அடித்ததுபோல் தெறித்துவிட்டு அடங்கும் வலி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், ஒரே பக்கத்தில் வரும். முக்கிளை நரம்பு வலி அது. இதைப் பல்வலி என்று நம்பி நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை. கார்பமசெபின் என்ற வலிப்பு நோய் மருந்துதான் இதற்கு முதல் சிகிச்சை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாடி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, நின்று மூச்சு வாங்கினால் போய்விடுகிறதா? வியர்க்கிறதா? மார்பில் அழுத்தமோ கையில் இழுப்போ சேர்கிறதா? பல் மருத்துவரிடம் போகாதீர்கள். அது இதயம். உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

பல்தான் காரணம் என்று தெரிந்தும் பயந்து தள்ளிப்போடுபவர்களும் உண்டு. 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்' என்ற பயம் இன்னும் கிராமத்தில் மட்டுமல்ல, நகரத்திலும் இருக்கிறது. பல்லின் உணர்ச்சி நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கினால், நாக்கு மேலெழும்பி மூச்சுக்குழலை அடைக்கலாம். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்து எழுதிய நோய் இது. அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. தாடைக்கடியில் பலகைபோல் கெட்டியான வீக்கம், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல் என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

மூன்று விரல் நுழைகிறதா?

கடைவாயில் எரிச்சல், காரம் பட்டால் தாங்கவில்லை, வாய் முன்புபோல் திறக்கவில்லை என்று வருபவர்களிடம் பல் மருத்துவர் முதலில் கேட்பது, பாக்கு போடுவீர்களா என்றுதான். உங்கள் சுண்டுவிரலை விட்டுவிட்டு நடு மூன்று விரல்களையும் சேர்த்துச் செங்குத்தாக வாயில் வைத்துப் பாருங்கள். நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் கவனிக்க வேண்டிய விஷயம்.

பாக்கு, கன்னத்தின் உட்புறத் தசையை நார்நாராக இறுக்கிவிடுகிறது. கன்னம் உள்ளே வெளுத்து, தொட்டால் கயிறுபோல் நெருடும். புகையிலை சேர்ந்தால்தான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. தாம்பூலத் தட்டில் வைத்து வாங்குவது நம் மரியாதை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்கிக்கொண்டிருப்பதுதான் பிரச்னை. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை இருக்கிறது. பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது இன்றும் கிடைக்கிறது என்பதும் ஊரறிந்த விஷயம்.

இறுகிய கன்னம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. பாக்கை நிறுத்தி, ஊசியும் வாய் திறக்கும் பயிற்சியும் எடுத்தால் மேலும் இறுகாமல் ஓரளவு தடுக்கலாம். இப்படிக் கன்னம் இறுகியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் அது புற்றுநோயாக மாறுகிறது. கடைசிப் பல்லுக்குப் பின்னால் புண், காரணமில்லாமல் ஆடும் பல், பிடுங்கிய பிறகு வாரக்கணக்கில் ஆறாத குழி, காதுவலி ஆகியவை எல்லாம் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளாக இருக்கலாம். சோதிக்காமல் பல்லைப் பிடுங்கி, மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்து நேரத்தை வீணடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய கொடுமை. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணுக்கும் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை

பெரியவர்களுக்கு பாராசிட்டமால் பாதுகாப்பான முதல் தேர்வு. ஒரு நாளில் மொத்தம் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் குறைவு. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும்தான். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் போடக் கூடாது. டெங்கு பரவும் நாளில் காய்ச்சலோடு பல்வலி என்றால் அவற்றைத் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையை நுணுக்கிப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரியும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக் குழியில் வைக்கலாம். ஈறில் ஊற்றினால் அதுவும் புண்ணாக்கும். வீங்கிய கன்னத்துக்கு வெளியிலிருந்து சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.

பல் எடுக்கப் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஒரு ஊசியோ போடும் அம்மாக்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். சில எலும்பு மருந்துகள் எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

தனியார் கிளினிக் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பல் பிரிவு இருக்கிறது. ஆறாத வாய்ப்புண்ணுக்கு 1954-லிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. காலையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி போகலாம். போகட்டும். வீட்டில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.